வலிப்பு வந்தாலே வெறிநாயா? மூளைக் கட்டியாகவும் இருக்கலாம்!

போடிநாயக்கனூர்:
போடிமெட்டு, குரங்கணி மலைச்சரிவு ஏலத் தோட்டங்களில் ராக்காவலுக்கு நாய்தான் துணை. பக்கத்து ஊர் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் இதில் பேர்போனது. அந்த நாய் திடீரென்று நுரை தள்ளி விழுந்தால், "வெறி பிடிச்சிருச்சு, அடிச்சுப் போடு" என்று கம்பைத் தூக்குகிறவர்கள் உண்டு.

அவசரம் வேண்டாம்!

5 வயதைத் தாண்டிய நாய்க்கு முதல் முறையாக வலிப்பு, ஒரே பக்கமாகச் சுற்றுவது, சுவரில் தலையை முட்டி நிற்பது ஆகியவை மூளைக் கட்டிக்கும் அடையாளம். வெறிநோய் என்றால் அறிகுறி தெரிந்து சுமார் 10 நாளுக்குள் நாய் செத்துவிடும். கட்டி மாதக்கணக்கில் இழுக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் கட்டி தெரியும்.

நாய்க்கும் 'கரண்டு'

மனிதர்களுக்கு 'கரண்டு வைப்பது' போலவே அமெரிக்கா, இங்கிலாந்தில் நாய்க்கும் கதிர் சிகிச்சை தருகிறார்கள். அசையாமல் இருக்க ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. சாதாரண முறையில் 15 முதல் 20 தடவை. குறி வைத்துப் பாய்ச்சும் புதுமுறையில் 1 முதல் 5 தடவை போதும். மாத்திரை மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரம், சில மாதம். கதிர் வைத்தால் ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த நாய்கள் பல. ஆனால் செலவு மலையளவு!

ஏழைக்கு வழி?

வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு, வலிப்புக்கு பீனோபார்பிட்டோன் மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. தேனியிலேயே 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

அதுவரை நாயைத் தனியாகக் கட்டுங்கள். வாயருகே கை கொண்டு போகாதீர்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசி போடுங்கள். கம்பு மட்டும் வேண்டாம்!