மூளை ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று பொருளா?

இருதுருவ மனநிலைக் கோளாறு உடையவரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் பெறும் குடும்பத்தினர் இரண்டு விதமாகக் கலங்குவதை நாங்கள் காண்கிறோம். அறிக்கையில் மாற்றம் எதுவும் இல்லை என்றிருந்தால், "அப்படியானால் நோயே இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். வெண்பொருளில் சிறு புள்ளிகள் உள்ளன என்றிருந்தால், மூளையே பழுதடைந்துவிட்டது என்று அஞ்சுகிறார்கள். முதல் எண்ணம் மருந்தை நிறுத்தத் தூண்டுகிறது. இரண்டாவது நம்பிக்கையைக் குலைக்கிறது. இவ்விரண்டு முடிவுகளுக்குமே ஸ்கேன் படத்தில் ஆதாரம் இல்லை. அது ஏன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

வெண்பொருள் என்பது என்ன?

மூளையின் மேற்புறத்திலும் ஆழத்தில் சில இடங்களிலும் நரம்பணுக்கள் திரண்டிருக்கும் பகுதியைச் சாம்பல்நிறப் பொருள் என்கிறோம். அந்த அணுக்களிலிருந்து புறப்பட்டு ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நீண்ட இழைகளின் கற்றைகளே வெண்பொருள். இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையால் அதற்கு வெண்ணிறம் வந்தது. அந்த உறை இருப்பதாலேயே செய்திகள் விரைவாகச் செல்கின்றன. மூளையின் வலப் பாதியையும் இடப் பாதியையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்னும் பெருங்கற்றையில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உள்ளன.

வெண்பொருளின் வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை; இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது. இருதுருவக் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ வெளிப்படுகிறது. உணர்ச்சியை எழுப்பும் பகுதிகளுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பில் இந்நோயின் வேர் இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஆய்வாளர்களை வெண்பொருளின் பக்கம் திருப்பியது.

இழைகளைப் படம்பிடிப்பது எப்படி?

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருள் ஒரே சீரான பரப்பாகத் தெரியும். இழைகள் செல்லும் திசை தெரியாது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய பீட்டர் பாசர், ஜேம்ஸ் மட்டியெல்லோ, டெனி லெ பிகான் ஆகியோர் டி.டி.ஐ. என்னும் முறையை விவரித்தனர். நீர் பரவும் விதமே அதன் அடிப்படை. பஞ்சின் நடுவே ஒரு சொட்டு நீர் விட்டால் ஈரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். வாழைநாரை நனைத்தாலோ ஈரம் நாரின் நீளவாக்கிலேயே ஓடும். மூளைக்குள் இருக்கும் நீரும் இழைக்கற்றைகளில் அவ்வாறே நீளவாக்கில் எளிதாக நகர்கிறது. அந்த நகர்வை அளந்து 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகத் தருகிறார்கள். எண் உயர்ந்தால் நீர் ஒரே திசையில் நகர்கிறது என்றும், குறைந்தால் பல திசைகளில் பரவுகிறது என்றும் பொருள்.

எண் குறைந்திருந்தால் இழைகள் அறுந்துவிட்டன என்று கொள்ளக் கூடாது. மயலின் உறையில் வேறுபாடு இருந்தாலும், இழைகள் நெருக்கமின்றி அமைந்திருந்தாலும், இரு கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டாலும், படம் எடுக்கும்போது தலை அசைந்தாலும் எண் குறையும்.

ஆய்வுகள் கண்டது

இத்துறையின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்றை எனிக்மா என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்டது. 26 ஆய்வுக் குழுக்களிலிருந்து 3,033 பேரின் படங்கள் ஒரே முறையில் அளக்கப்பட்டன. அவர்களுள் 1,482 பேர் இருதுருவக் கோளாறு உடையவர்கள். 1,551 பேர் அந்நோய் இல்லாதவர்கள். நோயுடையவர்களின் சராசரி எண் வெண்பொருளின் 29 பகுதிகளில் குறைந்திருந்தது. கார்ப்பஸ் கலோசத்திலும், உணர்ச்சியோடு தொடர்புடைய சிங்குலம் என்னும் கற்றையிலும் வேறுபாடு மிகுதி.

ஆகவே இந்நோய் மனவலிமைக் குறைவோ வளர்ப்புக் குறையோ அன்று. மூளையின் அமைப்போடு தொடர்புடைய மருத்துவ நிலை. குடும்பத்தினர் இதை உறுதியாகப் பற்றிக்கொள்ளலாம்.

ஆனால் வேறுபாடு மிகத் தெளிவாக இருந்த பகுதியிலும், மனிதருக்கு மனிதர் இந்த எண் மாறுபடுவதில் நோயால் விளக்கக்கூடிய பங்கு ஏறத்தாழ 4 சதவீதமே. இரண்டு பள்ளிகளின் மாணவர்களை அளந்து, ஒரு பள்ளியின் சராசரி உயரம் சற்றே குறைவு என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். தெருவில் வரும் ஒரு மாணவனின் உயரத்தை மட்டும் பார்த்து அவன் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியுமா? முடியாது. அதைப் போலவே, ஒருவருடைய படத்தைக் கொண்டு அவருக்கு இந்நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. நோயுடையவரின் உடன்பிறந்தாருக்கோ பிள்ளைக்கோ பிற்காலத்தில் நோய் வருமா என்று அறியவும் ஸ்கேன் உதவாது.

லித்தியம் உட்கொள்பவர்களிடம் பல பகுதிகளில் எண் உயர்ந்திருந்ததையும் அதே ஆய்வு கண்டது. இது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் ஒருமுறை எடுத்த படங்களைக் கொண்டு, மருந்துதான் அதற்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. லித்தியத்தின் மதிப்பு ஸ்கேனைச் சார்ந்ததன்று. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். நோய் திரும்ப வருவதையும் தற்கொலை ஆபத்தையும் அது குறைக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெண்புள்ளிகள் என்று எழுதியிருந்தால்

சில அறிக்கைகளில் குறிப்பிடப்படும் வெண்புள்ளிகள் டி.டி.ஐ. எண்ணிலிருந்து வேறானவை, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலேயே தெரிபவை. வயது ஏற ஏறப் பலருக்கும் இவை தோன்றும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றோடும் தொடர்புடையவை. இருதுருவக் கோளாறு உடையவர்களிடம் சற்று மிகுதியாகக் காணப்பட்டாலும் அவை நோயின் முத்திரை அல்ல. அப்படி எழுதியிருந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிட உதவுங்கள்.

பின் ஸ்கேன் எதற்கு?

மனநிலை மாற்றத்துக்கு மூளைக்கட்டி, பக்கவாதம், நோய்த்தொற்று போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று அறியவே நாங்கள் ஸ்கேன் கேட்கிறோம். ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாக நோய்க்குறிகள் தோன்றினாலோ, வலிப்பு, தலைக்காயம், கை கால் பலவீனம், திடீர்க் குழப்பம் ஆகியவை இருந்தாலோ அது தேவைப்படலாம். ஸ்கேன் இயல்பாக உள்ளது என்றால் அந்தக் காரணங்கள் தென்படவில்லை என்றே பொருள். மனநிலைக் கோளாறு இல்லை என்று பொருளன்று.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. ஆனால் அது வலிமையான காந்தம். ஆகவே இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் உலோகக் கிளிப் அல்லது வேறு கருவி பொருத்தியிருந்தால் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். மூடிய இடத்தைக் கண்டு அச்சம் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். ஸ்கேனுக்காக வழக்கமான மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள்.

நோயைக் கண்டறிய உதவுவது

இருதுருவக் கோளாறு வாழ்க்கை வரலாற்றைக் கேட்டே கண்டறியப்படுகிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்த மிகை எழுச்சி, தூக்கம் குறைந்தும் களைப்பின்மை, ஓயாத பேச்சு, வரம்பு மீறிய செலவு, இடையிடையே ஆழ்ந்த சோர்வு ஆகியவற்றை வீட்டில் உள்ளவர்களே நன்கறிவார்கள். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் எழுதிவாருங்கள். தூக்கம் குறையத் தொடங்குவது பல நேரங்களில் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி. மருத்துவருக்கு அந்தக் குறிப்பேடு விலையுயர்ந்த படத்தைவிடப் பயன்படும்.

லித்தியம் எடுப்பவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீரிழப்பு ஏற்பட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். வலிநிவாரணி மாத்திரைகளைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்துவது நோய் திரும்பும் ஆபத்தைக் கூட்டும்.

ஸ்கேன் அறிக்கை எப்படி இருந்தாலும் அதை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். அவரோடு பேசும் வரை மாத்திரையின் அளவை மாற்றாதீர்கள். நோயுற்றவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.