முதல் பக்கம் எதுக்கு?



பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளைக் கயிற்றில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்க விட்டிருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? பாதிப் பத்திரிகைக்குத் தலைப்பகுதி மட்டும்தான் வெளியே தெரியும். அதனால்தான் பெயரை உச்சியில் பெரிசாகப் போடுறாங்க. அதற்குக் கீழே ஒரு முகம், பெரும்பாலும் சினிமா முகம். அது நம்மையே நேராகப் பார்க்கும். நாமும் நின்னுடுவோம்! உள்ளே அவரைப் பற்றி அரைப்பக்கம்தான் இருக்கும், அது வேற விஷயம்.

நம்ம கம்பம் திராட்சைப் பெட்டியில் நல்ல கொத்தை மேலே வைப்பாங்க. அது தப்பில்லை. அடியிலும் அதே பழம் இருக்கணும், அவ்வளவுதான்.

பாரதியார் அப்படித்தான் செய்தார். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழைச் சிவப்புத் தாளில் வெளியிட்டார். சிவப்பு புரட்சியின் நிறம். ஒரு எழுத்துகூடப் படிக்கும் முன்பே தாள் பேசிடும். முதல் பக்கத்தில் நடிகரும் இல்லை, சாமி படமும் இல்லை. வெள்ளைக்கார ஆட்சியைக் கிண்டல் செய்யும் கேலிச்சித்திரம், கீழே அதற்கு விளக்கம். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான். எங்க அப்பத்தா மாதிரி எழுத்துத் தெரியாதவங்களும் படத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைப் பிடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். படங்களை மட்டுமே வைத்து 'சித்திராவளி' என்று தனி இதழ் நடத்தவும் ஆசைப்பட்டார், முடியவில்லை.

வெளியே இருந்த கோபம் உள்ளேயும் இருந்தது. அரசாங்கம் சும்மா விடவில்லை. 1908இல், ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனைக் கைது செய்து 5 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து 'இந்தியா'வை நடத்தினார்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, போன மாதம் நம் சுவர் இதழின் உச்சியில் நான்தான் ரோஜாப்பூ வரைந்தேன். எல்லாரும் "சூப்பரா இருக்குடி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கீழே மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பற்றி எட்டாம் வகுப்புத் தங்கைகள் எழுதியிருந்ததை ஒருத்தரும் படிக்கலை. பூவைப் பார்த்தா தண்ணி ஞாபகம் எப்படி வரும்? தப்பு என்னுதுதான்.

அதே கட்டுரையை இந்த மாதமும் போட்டிருக்கோம். மேலே என்ன படம்னு பார்த்தீங்கல்ல? காய்ந்த குழாய், அடியில் காலி வாளி. சிவப்பு சார்ட் கடையில் கிடைக்கலை. ரோஸ் கலர்தான் இருந்துச்சு.