புதியவருக்குப் பொறுப்பேற்கும் சித்திரக் கூடங்கள்

வேற்றூரில் குடியேறிய குடும்பங்களுக்கெல்லாம் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வேலைக்கு விண்ணப்பம் செய்யும்போதும், "உங்களை இங்கே யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். நமது தகுதி எத்தகையதாயினும், அக்கேள்விக்கு விடை இல்லாதவரை அது வெளியே தெரிவதில்லை. "இவரை நான் அறிவேன், நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால்தான் கதவு திறக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் பல ஊர்களில் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஓவியக் கல்லூரியை முடித்து வெளிவரும் இளைஞரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கையில் திறமை இருக்கிறது. ஆனால் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பெயர் தெரியாதவரின் படத்தை வாங்க ஆளில்லை; படம் விற்காதவரின் பெயர் பரவ வழியில்லை. இந்தச் சுழலை உடைத்து, "இவருக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்வதையே தொழிலாகக் கொண்ட சித்திரக் கூடங்கள் சில நம் நாட்டில் உண்டு. கொல்கத்தாவில் தோன்றி மும்பைக்கும் விரிந்த 'எக்ஸ்பெரிமென்டர்' அவற்றுள் ஒன்று. இவ்விரு நகரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருவதால், அதன் பணியை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

இருவகைக் கூடங்கள்

படங்களைக் காட்சிக்கு வைக்கும் இடங்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. மும்பை காலா கோடாவில் 1952-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்தைப் பலர் கண்டிருப்பர். அத்தகைய இடங்களில் மண்டபத்தை ஓவியரே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். விண்ணப்பம் செய்து தம் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். சட்டம் போடுவது, அழைப்பிதழ் அச்சிடுவது, படங்களைக் கொண்டுவருவது ஆகிய செலவுகள் அவருடையவை. வாரம் முடிந்ததும், விற்காத படங்களை அவரே திரும்ப எடுத்துச் செல்வார். எண்ணற்ற ஓவியர்களுக்கு முதல் மேடை அமைத்துத் தந்த இவ்வகை மண்டபங்களின் தொண்டு சிறியதன்று.

மற்றொரு வகைக் கூடம் ஓவியரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. காட்சி பல வாரங்கள் நடக்கிறது. இடமும் விளக்கும் அழைப்பும் கூடத்தின் செலவு. படம் விற்றால் விலையில் ஒரு பங்கைக் கூடம் எடுத்துக்கொள்கிறது. பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். விற்காவிடில் நஷ்டத்தில் பெரும்பகுதி கூடத்தைச் சேரும்.

"பாதியா!" என்று முதன்முறை கேட்பவர் திடுக்கிடுவது இயல்பே. ஆனால் கூடத்தின் வேலை காட்சி முடிந்ததும் முடிந்துவிடுவதில்லை. அது படங்களை முறையாக ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்கிறது. விமர்சகர்களையும் அருங்காட்சியகத்தாரையும் அழைத்துக் காட்டுகிறது. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்புகிறது. விலையை அவசரமாக ஏற்றிவிடாமல் படிப்படியாக உயர்த்துகிறது. முதற்காட்சி போதிய வரவேற்புப் பெறவில்லை என்றாலும் மறுமுறையும் அதே ஓவியருக்கு இடம் தருகிறது. இந்தப் பொறுமைக்கு உரிய கூலியே அந்தப் பங்கு. பொறுமையின்றிப் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் கூடமும் இருக்கக்கூடும். இளம் ஓவியர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விசாரித்தறிவது நலம்.

சட்டக் கடையில் பிறந்த கூடம்

இவ்வழிக்கு நம் நாட்டில் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர் மும்பையைச் சேர்ந்த பார்சிப் பெரியவர் கேக்கூ காந்தி. 1940-களில் அவர் நடத்தியது படங்களுக்குச் சட்டம் செய்யும் தொழில். சட்டங்களுக்கான 'கெமிக்கல் மோல்டிங்' என்ற சொற்களைச் சுருக்கி 'கெமோல்ட்' என்று பெயரிட்டார். ஹுசைன், ஆரா முதலிய இளைஞர்கள் பெயர் பெறாதிருந்த அந்நாட்களில், அவர்களுடைய படங்கள் அந்தக் கடையில் மாட்டப்பட்டன. சட்டம் வாங்க வந்தவர் படத்தையும் பார்த்தார்.

1963-இல் கேக்கூ காந்தியும் அவர் துணைவியார் கோர்ஷெத் காந்தியும் ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியிலேயே 'கேலரி கெமோல்ட்' என்ற கூடத்தைத் திறந்தனர். பின்னர் அவர்கள் மகள் ஷிரீன் பொறுப்பேற்றார். மும்பை ஓவியர் அதுல் தோடியாவின் முதல் தனிக்காட்சி 1989-இல் அங்கேதான் நடந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. 2007-இல் கூடம் கோட்டைப் பகுதியிலுள்ள பிரெஸ்காட் சாலைக்கு இடம் மாறிற்று. கேக்கூ காந்தி 2012-இல் காலமானார்.

அவர் கடையில் படம் மாட்டிய ஹுசைன் 1954-இல் தீட்டிய 'கிராம யாத்ரா' 2025 மார்ச் மாதம் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. இதைக் கேட்டு, இளம் ஓவியரின் படம் என்பது லாட்டரிச் சீட்டு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான படங்கள் அவ்வாறு விலை ஏறுவதில்லை. புகழ் வந்த பிறகு கோடி கொடுக்கப் பலர் உண்டு. புகழ் வருமுன் சுவரில் ஓர் ஆணி அடித்து இடம் கொடுப்பவர் சிலரே என்பதுதான் இதில் நாம் காணவேண்டிய செய்தி.

இரு நகரங்களில் ஒரு கூடம்

எக்ஸ்பெரிமென்டர் கூடத்தை பிரதீக் ராஜா, பிரியங்கா ராஜா என்ற தம்பதியர் 2009-இல் கொல்கத்தாவில் தொடங்கினர். முந்தைய ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியால் கலைச் சந்தை தளர்ந்திருந்த காலம் அது. தொடங்கிய இடம் ஹிந்துஸ்தான் ரோடு. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி ராஷ்பிஹாரி அவென்யூ வழியே கரியாஹாட் பக்கம் செல்லும் கொல்கத்தாத் தமிழருக்கு அது அயலிடம் அன்று. 2011 முதல் கண்காட்சி அமைப்பாளர்களை ஒன்றுகூட்டி உரையாடச் செய்யும் கூட்டத்தையும் அவர்கள் நடத்தலாயினர். 2018-இல் பாலிகஞ்ச் பிளேஸில் இரண்டாம் இடமும், 2022-இல் மும்பை கொலாபாவில் தாஜ் ஹோட்டலுக்குப் பின்புறமுள்ள கட்டடத்தில் மற்றோர் இடமும் திறந்தனர்.

இரு நகரங்கள் எதற்கு? கொல்கத்தாவில் 1854-இல் தோன்றிய ஓவியப் பள்ளி உண்டு; அருகே சாந்திநிகேதனத்தில் 1919-இல் அமைந்த கலாபவன் உண்டு. கற்போரும் கலைஞரும் அங்கே மிகுதி. மும்பையிலோ செல்வர்களும் கலைப்பொருள் திரட்டுவோரும் வெளிநாட்டுப் பார்வையாளரும் மிகுதி. ஓரூரில் விளைவது மற்றோரூரின் கண்ணில் படவேண்டுமாயின் இடையில் ஒரு பாலம் தேவை. ஓவியர் தம் ஊரை விட்டு வராமலே அவர் படைப்பு பயணம் செய்ய அது வழி செய்கிறது.

அக்கூடம் முன்னிறுத்தியவர்களுள் இருவரைக் குறிப்பிடலாம். பிரபாகர் பாச்புதே 1986-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் பகுதியில் பிறந்தவர். அவர் குடும்பத்தார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். அவர் வரைவதும் கரியால்தான். அகழப்பட்ட நிலமும் உழைப்பாளரின் உடலும் அவர் படங்களில் ஒன்றாகிவிடுகின்றன. பல சமயம் சுவரின் மீதே வரைந்துவிடுகிறார். சுவரில் உள்ள சித்திரத்தை யார் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும்? விற்பனையை மட்டும் கருதும் கடைக்காரர் அதற்கு இடம் தருவாரா என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2021-இல் வேல்ஸ் நாட்டின் 'ஆர்டெஸ் முண்டி' பரிசு ஆறு கலைஞருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அவ்வறுவருள் அவரும் ஒருவர்.

மற்றொருவர் ரதின் பர்மன். 1981-இல் திரிபுராவில் பிறந்து கொல்கத்தாவில் வாழ்பவர். அந்நகரின் பழைய மாளிகைகள் பல குடும்பங்களுக்குரிய சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்துபோன கதையைக் கான்கிரீட்டிலும் உலோகத்திலும் வடிக்கிறார். இடம்பெயர்ந்து வந்தோர் ஒரு கூடத்தைத் தடுத்து இரு அறைகளாக்கி வாழ்ந்த வாழ்வு அதில் தெரிகிறது. மாதுங்காவிலும் தாராவியிலும் லேக் மார்க்கெட்டிலும் வளர்ந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள உரை எதுவும் வேண்டியதில்லை.

சென்னை கண்ட வழி

கூடங்களின் அருமை, அவை இல்லாத இடத்தில்தான் நன்கு விளங்கும். 1960-களில் சென்னை ஓவியப் பள்ளியில் சிறந்த மாணவர்கள் பலர் இருந்தனர். அவர்களுடைய படங்களை விற்றுக் கொடுக்கும் அமைப்பு அங்கே வலுவாக இல்லை. பள்ளியின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் ஒரு வழி கண்டார். ஓவியர்கள் கூடி பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பொறுப்பேற்க எவரும் வராதபோது ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொண்ட செயல் அது. அதன் பெருமை பெரிது. ஆயினும் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் நிகழக்கூடியது அன்று.

நாம் செய்யக்கூடியது

இத்தகைய கூடங்களில் குறைகளும் இல்லாமல் இல்லை. அவை தேர்ந்தெடுப்பவர் சிலரே; வெளியே நிற்பவர் பலர். குறிப்புகள் பெரும்பாலும் கடினமான ஆங்கிலத்தில் இருக்கும். விலை எழுதி ஒட்டப்படுவதில்லை. வெண்மையான சுவரும் பேச்சற்ற அறையும், "இது நமக்குரிய இடமன்று" என்ற தயக்கத்தை உண்டாக்குகின்றன. ஆனால் இவ்வகைக் கூடங்களில் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "இது எதனால் செய்தது? செய்தவர் எந்த ஊர்?" என்று அங்கிருப்பவரைக் கேட்கலாம், விலையையும் கேட்கலாம். படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு வெளியே வரலாம். ரசனை அப்படித்தான் வளர்கிறது.

நம் குடும்பங்களில் படம் வரையும் பிள்ளைகள் உண்டு. "வரைவதெல்லாம் சரி, பிழைப்புக்கு என்ன செய்வாய்?" என்று அவர்களைக் கேட்கிறோம். சொந்த ஊரை விட்டு வந்து உழைத்து நிலைபெற்ற பெற்றோர் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. ஆனால் விடையைத் தேடாமல் கேள்வியோடு நின்றுவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகும். சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை கரித்துண்டால் வரைந்து உலகறிந்த கலைஞரானார் என்றால், அதற்கு அவருடைய திறமையோடு, அவரை நம்பிய கூடங்களும் காரணம். அவ்வாறு நம்புவோர் இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நேரில் காண்பது நல்லது.

கொல்கத்தாவிலும் மும்பையிலும் உள்ள அன்பர்கள், திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு இக்கூடங்களுக்குச் சென்று வருவார்களாக. பிற நகரங்களில் இருப்போர் தத்தம் ஊரிலுள்ள இத்தகைய கூடத்தைத் தேடிப் பார்க்கலாம். வரையும் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.