தன் இடம் தவறி வளரும் எலும்பு





"காயம் ஆறி, கட்டும் பிரித்தாகிவிட்டது. பின்னும் ஏன் மாதக்கணக்காகப் பிசியோதெரபிக்கு வரச் சொல்லுகிறீர்கள்?" என்று வியாதியஸ்தரின் குடும்பத்தார் கேட்பதுண்டு. காணிக்கை அனுப்பும் உங்களுக்கும் இக்கேள்வி எழக்கூடும். அதற்கான விடைகளில் ஒன்றை இம்மாதம் விளக்க விரும்புகிறோம்.

எலும்பு முறிந்தால், முறிந்த இடத்தில் புது எலும்பை உண்டாக்கி இணைத்துக்கொள்ளும் ஆற்றலைக் கர்த்தர் நம் சரீரத்தில் வைத்திருக்கிறார். ஆனால் பெரிய காயங்களுக்குப் பின் சிலருக்கு, எலும்பு இருக்கக்கூடாத தசைக்குள்ளும் மூட்டைச் சுற்றியும் எலும்பு வளர்ந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'ஹெட்டிரோடோபிக் ஆசிஃபிகேஷன்' என்கிறார்கள். இது வெறும் சுண்ணாம்புப் படிவு அல்ல. இரத்தக் குழாய்களும் மஜ்ஜையும் கொண்ட உண்மையான எலும்பு.

இதைப்பற்றி உலகம் அதிகமாய் அறிந்துகொண்டது யுத்த காயங்களின் மூலமாகவே. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு காயப்பட்டு, கால்கள் செயலிழந்த வீரர்களின் மூட்டுகளில் இவ்வெலும்பைக் கண்டு, 1918-ல் பிரான்சு தேசத்து மருத்துவர்களான அகஸ்டா தெஜரின்-குளும்கேயும் செய்லியேயும் விவரித்து எழுதினார்கள். பின்னர் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால்களை இழந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்தபோது, துண்டிக்கப்பட்டு மீந்த அவயவங்களில் 100-க்கு 60-க்கு மேற்பட்டவற்றில் இது காணப்பட்டது. அவ்வெலும்பு தோலுக்கடியில் முள்போல் குத்துவதால், செயற்கைக் காலை மாட்டுவதும் வேதனையாகிவிடுகிறது.

இது எப்படி உண்டாகிறது? தசைகளுக்குள் இன்ன வேலை என்று தீர்மானமாகாத சில செல்கள் காத்திருக்கின்றன. காயம் பட்டதும் இரத்தத்தின் காவல் செல்கள் அங்கே திரண்டு, பழுதுபார்க்கும்படி இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. குண்டுவெடிப்பில் தசை நசுங்கி, அழுக்கேறி, காயத்தைப் பலமுறை திறந்து கழுவ வேண்டியிருப்பதால், அச்செய்திகள் அளவுக்கு மிஞ்சிப்போகின்றன. அவற்றில் ஒன்று எலும்பை உண்டாக்கும் புரதம். 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது அங்கேயே புது எலும்பு உருவாயிற்று. இப்புரதத்தின் ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்கியது. காத்திருந்த செல்கள் இச்செய்தியைக் கேட்டு முதலில் குருத்தெலும்பாகி, பிறகு எலும்பாகின்றன. தாயின் கர்ப்பத்தில் குழந்தையின் கை கால் எலும்புகள் உருவாகும் அதே முறைதான். முறை சரி, இடம் தவறு.

நம் செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைக் கண்டது. இன்று இவ்வூரில் யுத்தமில்லை. ஆனாலும் இவ்வியாதி யுத்தகளத்தோடு நின்றுவிடுவதில்லை. சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்தவர், பனைமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர், கடுமையான தீக்காயம் பட்டவர், முழங்கை மூட்டு நழுவிய பிள்ளை ஆகியோருக்கும் இது வரலாம். முழங்கை மடங்காமற்போனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இடுப்பு மூட்டு இறுகினால் சக்கர நாற்காலியில்கூட உட்கார முடியாது.

காயம் பட்ட சில வாரங்களில் மூட்டருகே வீக்கம், சூடு, வலி தோன்றி, அசைவு குறையும். சீழ் வைத்ததென்றோ இரத்தம் உறைந்ததென்றோ எண்ண இடமுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். "கை இறுகுகிறதே" என்று பயந்து, வீட்டார் எண்ணெய் தேய்த்து உருவி, பலவந்தமாய் இழுத்து நீட்டுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அடிபட்ட தசை மறுபடியும் கிழிந்து, எலும்பு வளர்ச்சி அதிகமாகிறது. இதை எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாய் எச்சரித்து வருகிறார்கள்.

செய்யவேண்டியது என்ன? மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடங்கி, வலியின் எல்லையைத் தாண்டாமல், தினந்தோறும் மெதுவாக அசைத்துப் பழக்குவது. சிலருக்கு இண்டோமெத்தசின் போன்ற மாத்திரைகளோ, ஒருமுறை கொடுக்கும் கதிரியக்கமோ தடுப்பாக உதவும். அறுவை சிகிச்சை தேவையானால், பெரும்பாலும் அவ்வெலும்பு முதிரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அகற்றியபின் மீண்டும் வளர்வதும் உண்டு.

1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். சக்கர நாற்காலியிலிருந்தே ஊழியம் செய்த அவர்களின் முயற்சியால், 1966-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. காயம் ஆறுவதோடு சிகிச்சை முடிவதில்லை என்பதற்கு அவர்களின் வாழ்க்கையே சாட்சி.

எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில், சிதறிக்கிடந்த எலும்புகள் ஒவ்வொன்றும் தன்தன் இடத்தில் பொருந்தின. அதன் பின்பே அவற்றிற்குள் ஆவி வந்தது. வளர்ச்சி மாத்திரம் போதாது, ஒழுங்கும் வேண்டும். அந்த ஒழுங்கிற்காகவே எங்கள் பிசியோதெரபி ஊழியர்கள் பொறுமையாய் உழைக்கிறார்கள். உங்கள் காணிக்கை, கூலிவேலையை விட்டு வரும் ஏழைகளின் பேருந்துக் கட்டணமாகவும், அந்த நீண்ட மாதங்களின் பராமரிப்பாகவும் செலவிடப்படுகிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் யாருக்காவது அடிபட்டால், உருவி இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீக்கமும் சூடும் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புங்கள். மூட்டு இறுகிச் சோர்ந்திருப்போருக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்காகவும் ஊக்கமாய் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்