பழைய திரையும் புதிய கணிப்பொறியும்: அடாப்டரின் பொருளாதாரம்

ஆந்திரப் பிரதேசத்தில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டன. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து, திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் தோன்றியது. மாவட்டம் ஒன்று பிரியும்பொழுது கோப்புகளும் பதிவேடுகளும் மட்டுமன்றி, மேசை நாற்காலிகளும் கணிப்பொறிகளும்கூடப் பங்கிடப்பட வேண்டியவையாகின்றன. வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கப்பட்ட கருவிகள் ஒரே மேசையில் வந்து சேரும் வாய்ப்பு அத்தகைய காலங்களில் மிகுதி. புதிய கணிப்பொறியில் பழைய மானிட்டரின் கேபிளைச் செருக இடமே இல்லை என்பது அப்பொழுதுதான் தெரியவருகிறது.

அந்நிலையில் வழிகள் இரண்டு. மானிட்டரைப் பயனற்றதெனக் கழித்துவிட்டுப் புதியது வாங்கலாம். அல்லது சில நூறு ரூபாய் விலையுள்ள ஓர் அடாப்டரைக் கொண்டு இரண்டையும் இணைக்கலாம். ஒரு மேசையளவில் இது சிறிய கேள்வியே. ஆனால் ஒரு மாவட்டத்திலுள்ள பள்ளிகள், கல்லூரிகள், அலுவலகங்கள் அனைத்தையும் கணக்கில் கொண்டால், இது பொதுப் பணத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. சரியான விடை காண, அடாப்டர் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

இருவகைச் சமிக்ஞைகள்

ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் தன் பி.எஸ்./2 கணிப்பொறிகளுடன் வி.ஜி.ஏ. என்னும் இணைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. மூன்று வரிசைகளில் 15 ஊசிகளைக் கொண்ட, பெரும்பாலும் நீல நிறமுள்ள இணைப்பான் இதுவே. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் ஒளியளவும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக இதன் வழியே செல்கின்றன. இது தொடர் சமிக்ஞை, அதாவது அனலாக் முறை. அக்காலத்துப் படக்குழாய் மானிட்டர்களுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தியது.

தட்டையான திரைகள் பரவியபின் நிலைமை மாறியது. 1999இல் டி.வி.ஐ., 2002இல் எச்.டி.எம்.ஐ., 2006இல் டிஸ்ப்ளே போர்ட் ஆகிய முறைகள் வெளிவந்தன. இவற்றில் படம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக அன்றி எண்களாக, அதாவது டிஜிட்டல் முறையில் அனுப்பப்படுகிறது. அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்பட, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் 24 பிட்டுகள் குறிக்குமானால், வினாடிதோறும் ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் கேபிளின் வழியே சென்றாக வேண்டும்.

இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள், 2015ஆம் ஆண்டிற்குள் வி.ஜி.ஏ. முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. அதன்பின் வந்த மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் அந்த இணைப்பு இல்லை. ஆயினும் அதற்கு முன் வாங்கப்பட்ட மானிட்டர்களும் வகுப்பறைப் புரொஜெக்டர்களும் கெட்டுப்போய்விடவில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது: திரையின் ஆயுள் முடியுமுன்னே அதன் இணைப்பு முறையின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

உறையை மாற்றுவதும் மொழிபெயர்ப்பதும்

கடையில் அடாப்டர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் இரண்டு வகையானவை. தமிழும் தெலுங்கும் வழங்கும் சித்தூர்ப் பகுதியினருக்கு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். ஒரு கடிதத்தை எடுத்து வேறோர் உறையில் இட்டு அனுப்புவது ஒன்று. தெலுங்கில் எழுதப்பட்ட கடிதத்தைத் தமிழில் பெயர்த்து அனுப்புவது மற்றொன்று.

டி.வி.ஐ. இணைப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. இணைப்பிற்குச் செல்வது உறையை மாற்றும் வேலை. இரண்டிலும் படச் சமிக்ஞை ஒரே வகையானது. கம்பிகளை உரிய ஊசிகளுடன் சேர்த்தால் போதும். டி.வி.ஐ.-ஐ என்னும் வகையில் டிஜிட்டல் சமிக்ஞையுடன் அனலாக் சமிக்ஞையும் வருவதால், அதை வி.ஜி.ஏ. மானிட்டருடன் சேர்ப்பதும் இத்தகைய எளிய வேலையே. ஆனால் தோற்றத்தில் அதைப் பெரிதும் ஒத்த டி.வி.ஐ.-டி வகையில் அனலாக் சமிக்ஞை கிடையாது. அங்கே எளிய அடாப்டர் பயன்படாது.

எச்.டி.எம்.ஐ. இணைப்பிலிருந்து வி.ஜி.ஏ. இணைப்பிற்குச் செல்வது மொழிபெயர்ப்பு வேலை. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் மின்னணுச் சில்லு ஒன்று அடாப்டருக்குள் இருந்தாக வேண்டும். இதற்குத் தேவையான மின்சாரத்தைப் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. இணைப்பிலுள்ள 5 வோல்ட் ஊசியே தருகிறது. அது போதாதபோது தனி மின் இணைப்பு கொடுக்க வேண்டும். சில்லு ஏதுமின்றி, ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் வி.ஜி.ஏ. கொண்ட வெறும் கேபிள்களும் விற்கப்படுகின்றன. சாதாரணக் கணிப்பொறிகளில் அவற்றால் படம் வராது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, திசை. பெரும்பாலான மாற்றிகள் ஒருவழிப் பாதைகளே. புதிய கணிப்பொறியைப் பழைய திரையுடன் இணைப்பதற்கான எச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. மாற்றி, பழைய கணிப்பொறியைப் புதிய திரையுடன் இணைக்க உதவாது. இரண்டாவது தேவையும் உண்மையானதே. திருப்பதியில் 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் இயங்குகின்றன. இத்தகைய கல்வி நகரங்களின் ஆய்வுக்கூடங்களில், ஓர் அளவைக் கருவியுடனேயே வந்த பழைய கணிப்பொறியை மாற்ற இயலாத நிலை எழுவதுண்டு. அங்கே வேண்டுவது வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் மாற்றி.

இரண்டாவது, படத்தின் அளவு. தன்னால் எத்தனை புள்ளிகளைக் காட்ட இயலும் என்ற விவரத்தை மானிட்டர் கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. தரமற்ற அடாப்டர் இவ்விவரத்தைக் கடத்தாவிடில், 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரைக்கு அதன் சக்திக்கு மீறிய படம் சென்று, திரை இருண்டுவிடலாம். கணிப்பொறியின் அமைப்புகளில் அளவைக் குறைத்தால் பல சமயங்களில் இக்குறை நீங்கும். இதை அறியாமல் மானிட்டர் பழுதென்று முடிவு செய்துவிடலாகாது.

மூன்றாவது, ஒலி. வி.ஜி.ஏ. முறையில் ஒலி செல்லாது. வகுப்பறையில் காணொளிப் பாடம் காட்டுவதானால், ஒலிக்கென்று தனித் துளையுள்ள மாற்றியை வாங்குதல் நலம். மேலும், நகல் எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்புள்ள திரைப்படங்கள் முதலியன வி.ஜி.ஏ. வழியே தெரியாமல் போகலாம். அது அடாப்டரின் குற்றமன்று.

ஒரு கணிப்பொறி, இரண்டு திரைகள்

பழைய மானிட்டருக்கு மற்றொரு பயனும் உண்டு: அது இரண்டாவது திரையாகலாம். பழைய நிலப் பதிவேட்டின் படத்தை ஒரு திரையில் வைத்துக்கொண்டு, மற்றொரு திரையில் விவரங்களைப் பதியும் ஊழியர், இரண்டிற்கும் இடையே மாறி மாறிச் செல்ல வேண்டியதில்லை. ஒப்பிடுவது எளிதாகிப் பிழையும் குறைகிறது.

இங்கும் இருவகைக் கருவிகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஸ்பிளிட்டர் என்பது ஒரே படத்தை இரு திரைகளிலும் காட்டுவது. மக்கள் கூடும் கூடங்களுக்கு அது போதும். ஒவ்வொரு திரையிலும் வெவ்வேறு படம் வேண்டுமானால், கணிப்பொறியில் இரண்டு தனித்தனி வெளியீடுகள் இருக்க வேண்டும். அல்லது ஒரே டிஸ்ப்ளே போர்ட் இணைப்பைப் பல திரைகளுக்குப் பகிரும் எம்.எஸ்.டி. ஹப் வேண்டும். யூ.எஸ்.பி. வழியே இயங்கும் திரை அடாப்டர்களும் உள்ளன. அவற்றுட் பலவற்றிற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டியிருப்பதால், அலுவலகத்தில் அதற்குரிய அனுமதியை முன்னதாகப் பெறுதல் வேண்டும். எத்தனை திரைகளை இயக்க முடியும் என்பதற்குக் கணிப்பொறியின் வரைகலைச் சில்லும் ஒரு வரம்பு விதிக்கிறது.

எதைக் காப்பது, எதைக் கழிப்பது

பழையவை அனைத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பது பொருளன்று. 17 அங்குலப் படக்குழாய் மானிட்டர் சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும். அதே அளவுள்ள தட்டைத் திரைக்குச் சுமார் 30 வாட் போதும். நாளுக்கு 8 மணி நேரமாக ஆண்டுக்கு 250 நாட்கள் இயக்கினால், வேறுபாடு 90 யூனிட். ஆண்டுதோறும் இச்செலவு தொடருமாதலால், படக்குழாய் மானிட்டருக்கு அடாப்டர் வாங்குவது பெரும்பாலும் உண்மையான சிக்கனமாகாது. நன்கு இயங்கும் தட்டைத் திரைக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே அடாப்டரே சிக்கனம்.

கழிப்பதற்கும் முறை உண்டு. படக்குழாயின் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் பின்னொளி விளக்கில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்போர் அல்லது மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவது முறையாகாது.

இப்பொறுப்பு திருப்பதிக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. இங்கே டிக்சன் நிறுவனம் 2017இல் தொலைக்காட்சிப் பெட்டிகள் தயாரிக்கத் தொடங்கியது; 2018இல் டி.சி.எல். நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திரைகள் உருவாகும் வட்டாரமே அவற்றை முழு ஆயுளும் பயன்படுத்தும் முறைக்கும் வழிகாட்டலாம்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், ஒரு பொருளைப் பயனற்றதென அறிவிக்குமுன் அதற்கான காரணத்தைப் பதிவு செய்யுமாறு கூறுகின்றன. கேபிள் பொருந்தவில்லை என்பது மட்டுமே போதிய காரணமாகாது. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு மானிட்டருக்கும் எதிரே, அதிலுள்ள இணைப்புகள் எவை என்பதைக் குறிக்க ஒரு பத்தியைச் சேர்க்கலாம். மொத்தமாக வாங்குமுன் ஒரே ஓர் அடாப்டரை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். இவ்விரண்டும் செலவற்ற ஏற்பாடுகளே; ஆனால் கழிவுக் குவியலுக்குச் செல்லவிருந்த பல திரைகள் மீண்டும் மாணவர்களின் மேசைக்கு வர இவை வழிவகுக்கும்.