மயில்கழுத்து

"அப்பா, 'இரிடெஸன்ட்'டுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள் என் மகள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கும்பகோணத்திலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில், "நன்னா இருக்கேன், சாப்பிட்டாச்சு" என்பதோடு அவள் தமிழ் தீர்ந்துவிடும். அவளே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுகிறாளே என்ற உற்சாகத்தில் அகராதியைப் புரட்டினேன். 'வானவில் போல் பல நிறம் காட்டுகின்ற' என்றிருந்தது. அது விளக்கமே தவிரச் சொல் அல்லவே!

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. கிரேக்கர்களுக்கு ஐரிஸ் வானவில்லின் தெய்வம். தேவர்களின் தூதியும் அவளே. அந்தப் பெயர் லத்தீன் வழியாக வந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இப்படியொரு சொல்லாயிற்று. 1803இல் ஸ்மித்ஸன் டென்னன்ட் கண்டறிந்த உலோகத்தின் உப்புகள் பல நிறங்களில் இருந்ததால், அதற்கு இரிடியம் என்று பெயரிட்டார். பவுண்டன் பேனா நிப்பில் பொறித்திருப்பார்களே, அதே இரிடியம்தான்.

"சரிப்பா, தமிழில்?" என்றாள் மறுபடியும். வானவில்லைப் புறநானூறு 'திருவில்' என்கிறது என்று எடுத்துவிட்டேன். அவள் மசியவில்லை. "வானவில் அசைந்தா நிறம் மாறுமா? எனக்கு மாறுகிற நிறம் வேணும்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "மயில்கழுத்துன்னு சொல்லுங்கோளேன்!"

பீரோவைத் திறந்து, என் அம்மா கொடுத்த பட்டுப்புடவையை விளக்குக்கு நேரே பிடித்து அசைத்தாள். நீலம். சற்றே சாய்த்தால் பச்சை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலோங்கும். இங்கே கரோல் பாக் கடைகளில் 'தூப்-சாவ்' என்பார்கள், அதாவது வெயிலும் நிழலும். அழகான சொல்தான். ஆனாலும் எனக்கு மயில்தான் ஒசத்தி.

மயிலின் வித்தையே தனி. அதன் இறகில் நீலச் சாயம் கிடையாது. மெலனின் என்னும் கரும்பழுப்பு நிறமியின் நுண்ணிய கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் மட்டும் வலுத்துத் தெரிகின்றன. மயிலிறகை நனைத்தால் அந்த நிறங்கள் மறைந்துவிடுவதை, 1665இல் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் ஹூக் எழுதியிருக்கிறார். புடவையையும் நனைத்துப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். மனைவி முறைத்த முறைப்பில் ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

ஞாயிறன்று தொலைபேசியில், "பாட்டி, உன் மயில்கழுத்துப் புடவை பச்சையா, நீலமா?" என்று ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அது போதுமே! கடையில் தாத்தா பச்சை என்றாராம், இவள் நீலம் என்றாளாம். பில் போடுகிற வரைக்கும் வாக்குவாதமாம். கடைசி வரையில் அவர் பச்சை என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் பாட்டி?" என்றாள் மகள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. அம்மாவிடம் நானும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.