பொம்மை லாரிக்கு ஒரு பிரேக்

ரேடியோ அலைகளால் ஓட்டப்படும் சிறிய மின்சார லாரி ஒன்றின் நிறை 3 கிலோகிராம், வேகம் விநாடிக்கு 10 மீட்டர் எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 150 ஜூல். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 3 கிலோ கல் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய இதுவே. அந்த லாரி ஒரு குழந்தையின் காலில் மோதினால் என்ன ஆகும்? பொம்மைதானே என்று பிரேக்கை அலட்சியம் செய்ய இயலாது.

மோட்டாரே பிரேக் ஆகாதா?

ஓடும் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தி, அதன் முனைகளை இணைத்துவிட்டால் அது ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆனால் வேகம் குறையக் குறைய மின்னழுத்தம் குறையும். மின்னோட்டமும் தடுக்கும் விசையும் கூடவே குறையும். வண்டி நின்றதும் விசை பூஜ்யம்! சரிவில் நிறுத்திய லாரி மெல்ல நகரத் தொடங்கும். பேட்டரி மின்சாரத்தைச் செலுத்தி அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் மோட்டார் சூடேறும், பேட்டரியும் தீரும். எனவே உராய்வால் இயங்கும் பிரேக் தேவை.

எவ்வளவு விசை?

லாரியை 10 மீட்டர் தூரத்தில் நிறுத்த 15 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. எனில், சக்கரங்களில் தேவையான திருப்புத்திறன் 0.75 நியூட்டன்-மீட்டர். பிரேக்கைச் சக்கரத்தில் பொருத்தாமல், சக்கரங்களைவிட 3 மடங்கு வேகமாகச் சுழலும் மையத் தண்டில் பொருத்தினால் 0.25 போதும். தண்டில் ஓர் எஃகுத் தட்டு. அதை இருபுறமும் கவ்வும் இரு பிரேக் கட்டைகள். உராய்வுக் குணகம் 0.4, கட்டைகள் தொடும் ஆரம் 1.25 செ.மீ. எனில் அழுத்தும் விசை 25 நியூட்டன். 2:1 நெம்புகோல் வைத்தால் 12.5 நியூட்டன் இழுப்பே போதும்.

வெப்பம் எங்கே போகும்?

150 ஜூலும் பெரும்பாலும் வெப்பமாகத் தட்டில்தான் சேரும். தட்டின் நிறை 10 கிராம் என்றால், ஒருமுறை நிறுத்தும்போதே அதன் வெப்பநிலை சுமார் 30 பாகை செல்சியஸ் உயரும். ஆறவிடாமல் அடுத்தடுத்து நிறுத்தினால் அருகிலுள்ள நைலான் பற்சக்கரங்கள் இளகக்கூடும். ஆகவே தட்டு காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால்?

1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு அமைத்த தானியங்கிக் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். நம் லாரிக்கும் இதே தத்துவம் ஏற்றது. சுருள்வில் பிரேக்கைப் பிடிக்கட்டும். சர்வோ மோட்டார் அதை விடுவிக்கட்டும். மின்சாரம் நின்றால் வில் வென்றுவிடும். மின்சாரமற்ற சர்வோவின் பற்சக்கரங்களும் சற்று எதிர்க்குமாதலால், வில்லின் விசை 20 நியூட்டனாக இருப்பது நல்லது. சர்வோவின் கை நீளம் 1 செ.மீ. எனில், 3 கிலோ-செ.மீ. திறனுள்ள சர்வோ இதற்குப் போதும்.

பேட்டரி நலமாயிருந்து ரேடியோ அலை மட்டும் அறுந்தால், சர்வோ முன்பிருந்த நிலையிலேயே நின்றுவிடலாம். எனவே அலை நின்றவுடன் மோட்டார் ஓய்ந்து பிரேக் பிடிக்குமாறு ஏற்பியை முன்கூட்டியே அமைத்து, சக்கரங்களைத் தரைக்கு மேல் தூக்கிவைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இயங்கும்போது வண்டியை நிறுத்துவது பெரிதல்ல. ஏதேனும் ஒன்று பழுதானாலும் நிறுத்துவதே நல்ல பிரேக்.